முழங்காலுக்கு ஒரு வேலை: பெங்களூரில் ஐந்து நாள்

வியாழன்

கடத்துக்கு டிக்கெட் கிடையாது, இடம் மட்டும் வேண்டும். மதுரையில் ரயில் ஏறியதும் கீழ்ப் படுக்கையில் தலைமாட்டில் அதை வைத்து, போர்வையால் சுற்றி, அதன் கழுத்தில் கையைப் போட்டுக்கொண்டு படுத்தேன். எதிர்ப் படுக்கைப் பெரியவர், "ஊறுகாயா தம்பி?" என்றார். மானாமதுரைக் கடம் ஐயா, எட்டு கிலோ என்றேன். "அப்படியானால் சரி. ஊறுகாய் என்றால் எண்ணெய் கசியும்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். அந்த மண்பாண்டத்துக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் குறட்டை வந்துவிட்டது.

இன்னொரு பையில் பாஸ் ஆர்சி-505 லூப்பர், கடத்தின் மேல் ஒட்டும் மைக், அடாப்டர், நாலைந்து கேபிள். லூப்பர் செய்வது ஒன்றுதான். நான் ஒரு ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்று, வாசிக்கிறேன். அது பதிந்துகொண்டு, நிறுத்தச் சொல்லும்வரை அதையே திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. அதன்மேல் இன்னொன்றை வாசித்தால் அதையும் சேர்த்துக்கொள்கிறது. ஒற்றை ஆள் நாலு ஆளாகிவிடலாம். இந்த 505இல் ஐந்து தடங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒலியைக் கூட்டிக் குறைக்க ஒரு ஃபேடர், பதிவுக்கும் நிறுத்தத்துக்கும் பொத்தான்கள். 2013இல் வந்த பெட்டி. வாயாலேயே தாளவாத்தியம் வாசிக்கும் பீட்பாக்ஸ் கலைஞர்கள் மேசைமேல் வைத்து இரண்டு கையாலும் ஆள்வதற்கு வாகாகச் செய்தது.

என் வழக்கு இங்கேதான் தொடங்குகிறது. கடக்காரனுக்கு இரண்டு கையும் பானையில் இருக்கும். கிதார்காரர்களுக்கென்று காலால் மிதிக்கும் லூப்பர்களும் உண்டு. அவையெல்லாம் நின்றபடி ஷூக் காலால் மிதிப்பவருக்கானவை. நான் சம்மணமிட்டு, மடியில் பானையோடு உட்கார்ந்திருப்பவன். காலை நீட்டினால் பானை சரியும். சரியாவிட்டாலும் சபையைப் பார்த்துக் காலை நீட்டுகிறவனை என் வாத்தியார் உயிரோடு விட்டிருக்க மாட்டார். ஸ்டூலில் உட்கார்ந்தும் பார்த்தாயிற்று. கடத்தின் வாயை வயிற்றோடு அணைத்தும் விலக்கியும்தான் அதன் அடிக்குரலை ஏற்றி இறக்குகிறோம். ஸ்டூலில் அந்த அணைப்பு வருவதில்லை.

அதனால் இதுவரை ஒரு கூத்து நடத்திக்கொண்டிருந்தேன். ஆதி தாளத்துக்கு எட்டு அட்சரம், அதாவது எட்டு எண்ணிக்கை. அதில் கடைசி இரண்டு அட்சரத்தை வாசிக்காமல் விட்டுவிட்டு, வலக்கையை நீட்டிப் பொத்தானை அழுத்துவேன். ஆறு அட்சரம் வாசிப்பு, இரண்டு அட்சரம் சர்க்கஸ். பதிவிலும் அந்த இரண்டு அட்சரம் பொக்கை வாயாகத் திறந்தே இருக்கும்.

ஞாயிறு மாலை இந்திரா நகரில் ஒரு சிறிய மாடி அரங்கில் நிகழ்ச்சி. கூட வாசிப்பவர் கஞ்சிரா நண்பர், ஸ்ரீராம்புரத்துக்காரர். அதற்குள் முழங்காலால் இயக்கும் ஒரு சுவிட்சைச் செய்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் மூன்று நாள் முன்னதாகவே வந்துவிட்டேன். உதிரி வாங்க எஸ்.பி. ரோடு இருக்கிறது, தங்க அல்சூரில் அத்தை வீடு இருக்கிறது.

மெஜஸ்டிக்கில் மெட்ரோ ஏறப் போனால் பையோடு பானையையும் ஸ்கேனர் பட்டையில் வைக்கச் சொன்னார்கள். உருண்டால் என் பிழைப்பும் உருண்டுவிடும். போர்வையை விலக்கி, காவலர் முன்னாலேயே "தகதிமி தகஜொணு" என்று வாசித்துக் காட்டினேன். சிரித்துவிட்டுக் கையில் தூக்கிக்கொண்டு போகலாம் என்றார். ரயில் எம்.ஜி. ரோடு வருவதற்கு முன்பு சுரங்கத்திலிருந்து வெளிச்சத்துக்கு ஏறும் அந்தக் கணத்துக்காகவே இன்னொரு முறை டிக்கெட் எடுக்கலாம்.

கதவைத் திறந்த அத்தை, "வா மருமகனே. பானை வந்துவிட்டது, அரிசி எங்கே?" என்றார். இருபத்திரண்டு ஆண்டு ஓசூர் சாலைப் பக்கம் கார்மெண்ட்ஸில் தைத்து ஓய்ந்தவர். இப்போது வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறார். அவரிடம் முழங்கால் விஷயத்தைச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது.

வெள்ளி

சிக்பேட்டை மெட்ரோவில் இறங்கி எஸ்.பி. ரோடுக்கு நடந்தேன். போகிற வழியில் சௌ சௌ பாத். ஒரே தட்டில் காராபாத்தும் கேசரிபாத்தும் ஒட்டியிருப்பதை முதலில் சந்தேகமாகப் பார்த்தவன்தான் நான். இப்போது ஊரில் உப்புமா சாப்பிடும்போது பக்கத்தில் ஏதோ குறைகிறது. அருகில் இருவர் "பை டூ" சொல்லி ஒரு காபியை இரண்டு டம்ளரில் பிரித்துக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

எஸ்.பி. ரோடு என்பது சாதர் பத்ரப்பா ரோடு. முழுப்பெயரைச் சொன்னால் ஆட்டோக்காரர் யோசிப்பார். கணினி உறுப்புகள், கேபிள் சுருள்கள், கிலோக் கணக்கில் பழைய சர்க்யூட் பலகைகள். சில கடைகளின் அகலம் விரித்த கைகளுக்குள் அடங்கும். உள்ளே இருக்கிற உதிரிகளை எண்ண ஆயுள் போதாது. நான் நுழைந்த கடையின் முதலாளி தர்மபுரிக்காரர். என் தமிழைக் கேட்டதும், "மதுரைப் பக்கமா? உள்ளே வாருங்கள்" என்று இருக்கிற ஒரே முக்காலியை நகர்த்திப் போட்டார்.

வேண்டியதைச் சொன்னேன். லூப்பரின் பின்பக்கம் கால்சுவிட்ச் பொருத்த ஒரு ஜாக் இருக்கிறது. அதில் செருக 6.35 மில்லிமீட்டர் ஸ்டீரியோ பின், மூன்று மீட்டர் ஒயர், ஒரு சுவிட்ச். இதற்குள் எந்த மாயமும் இல்லை. இரண்டு முனையும் தொட்டுக்கொண்டால் அழுத்தம், விலகினால் விடுதலை. ஆனால் சுவிட்சில் இரண்டு சாதி. அழுத்தியிருக்கும்வரை மட்டும் தொட்டுக்கொண்டிருப்பது ஒன்று. ஒருமுறை அழுத்தினால் அப்படியே நின்று, மறுமுறை அழுத்தினால்தான் விடுவது இன்னொன்று. காலிங் பெல்லுக்கும் விளக்குக்கும் உள்ள வித்தியாசம்தான். எனக்கு வேண்டியது காலிங் பெல். ஊரில் சென்ற மாதம் ஒரு கடையில் விளக்குச் சாதியைக் கொடுத்துவிட்டார்கள். ஒன்றுவிட்டு ஒரு அழுத்தத்துக்குத்தான் லூப்பர் செவிசாய்த்தது. பெட்டி கெட்டுவிட்டதென்று இரண்டு நாள் தூக்கமில்லை.

முதலாளி நெம்புகோல் வைத்த ஒரு மைக்ரோ சுவிட்சை எடுத்துத் தட்டிக் காட்டினார். டிக், டிக். எவ்வளவு தெளிவான சத்தம் என்று அவருக்குப் பெருமை. "சத்தம் வேண்டாமே அண்ணா. கடத்தில் ஒட்டியிருக்கும் மைக் தரையின் அதிர்வையும் கேட்கும்" என்றேன். கொஞ்சம் யோசித்து, மேல் தட்டிலிருந்து ஒரு டப்பாவை இறக்கினார். உள்ளே தீக்குச்சியைவிடச் சின்னக் கண்ணாடிக் குழாய்கள். குழாய்க்குள் மயிரிழை இடைவெளியில் இரண்டு மெல்லிய உலோக நாக்குகள். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்து அருகில் கொண்டுபோனார். நாக்குகள் ஒட்டின, மீட்டர் முள் சாய்ந்தது. காந்தம் விலகியதும் பிரிந்துவிட்டன. காதில் எதுவும் விழவில்லை.

ரீட் சுவிட்ச். அலுமாரிக் கதவில் திருட்டு மணிக்கு வைப்பார்களே, அதே சரக்கு. "ஐந்து வாங்கிக்கொள்ளுங்கள். குழாயின் கம்பிக் காலை வளைக்கும்போது கண்ணாடியை ஒட்டி வளைத்தால் ஒன்று உடையும். உடையவே உடையாது என்று சொல்கிறவர்களுக்கு இரண்டு உடையும்" என்றார். எனக்கு இரண்டு உடைந்தன.

அவர் கடையின் மூலையில் மூடியில்லாத ஸ்பூல் டேப் ரெக்கார்டர் ஒன்று தூசியோடு கிடந்தது. விற்பனைக்கா என்று கேட்டேன். "அப்பாவுடையது" என்று மட்டும் சொன்னார். நான் செய்கிற வேலைக்கெல்லாம் அதுதான் பாட்டன். 1960களில் அமெரிக்க இசைக்கலைஞர் டெர்ரி ரைலி இரண்டு டேப் ரெக்கார்டர்களைத் தள்ளித் தள்ளி வைத்து, ஒன்றில் பதிந்த நாடாவை அடுத்ததில் ஓடவிட்டு, பழைய ஒலிமேல் புதிய ஒலியை அடுக்கினார். அதே ரைலி 1970இல் இந்துஸ்தானிப் பாடகர் பண்டிட் பிராண் நாத்திடம் சீடராகச் சேர்ந்தார் என்பது நம் பக்கத்தில் அதிகம் பேசப்படாத செய்தி. பிறகு 1970களின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் இசைக்கலைஞர்கள் பிரையன் ஈனோவும் ராபர்ட் ஃபிரிப்பும் இரண்டு ரெவாக்ஸ் ரெக்கார்டர்களை வைத்து இதே முறையைக் கிதாருக்குக் கொண்டுவந்தார்கள். பதிந்தது எவ்வளவு நேரம் கழித்துத் திரும்பி வரவேண்டும் என்பதை அந்த முறையில் முடிவுசெய்வது இரண்டு பெட்டிக்கும் இடையே உள்ள தூரம்.

மெட்ரோவில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நாடா விநாடிக்கு ஏழரை அங்குலம் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 72 அட்சரம் என்ற காலப்பிரமாணத்தில் ஆதி தாளம் ஒரு சுற்று 6.67 விநாடி. பெருக்கினால் சரியாக ஐம்பது அங்குலம். வீட்டுக்கு வந்ததும் அத்தையின் இஞ்ச் டேப்பைத் தரையில் விரித்து, இதுதான் அத்தை ஆதி தாளம் என்றேன். "அப்படியா? இதில் ஒரு ரவிக்கைகூடத் தைக்க முடியாதே" என்றார்.

இரவு ரீட் சுவிட்சை ஒரு பலகையில் பொருத்தி, மேலே ஸ்பாஞ்சு, அதற்கு மேலே காந்தம் ஒட்டிய அட்டை. முழங்கால் அமுக்கினால் காந்தம் இறங்கும். சத்தமே இல்லை, பதிவு சுத்தமாக இருந்தது. பத்து நிமிடம் உலகமே என் முழங்காலடியில் இருந்தது. பிறகு வேகமெடுத்து வாசித்தேன். லூப்பர் தானாகப் பதிகிறது, தானாக நிறுத்துகிறது, கேட்காத இடத்தில் மேற்பதிவு செய்கிறது. பேய் பிடித்தது போல இருந்தது. கைபேசியில் படமெடுத்துப் பார்த்தபோது பேய் யாரென்று தெரிந்தது. கையால் தாளம் போட வழியில்லாத கடக்காரனுக்கு முழங்கால்தான் தாளம் போடுகிறது. ஒவ்வொரு அட்சரத்துக்கும் அது மெல்ல ஏறி இறங்குகிறது. முப்பது வருடமாக அப்படித்தான் செய்துவந்திருக்கிறது. எனக்குத்தான் இவ்வளவு நாளும் தெரியவில்லை.

முழங்காலைக் கட்டிப்போட்டு வாசித்துப் பார்த்தேன். தாளமும் கட்டுண்டுவிட்டது.

சனி

காலையில் அத்தை காபியோடு வந்தவர் தரையில் கிடந்த பலகையையும் என் முகத்தையும் பார்த்தார். சொன்னேன். டம்ளரை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து வலது முழங்காலை வெளிப்பக்கமாக ஒரு தள்ளு தள்ளிக் காட்டினார்.

"கார்மெண்ட்ஸ் மெஷினில் முழங்காலுக்கு ஒரு கம்பி உண்டு மருமகனே. நீ லிஃப்டர் என்போம், நீ என்றால் இங்கிலீஷில் முழங்கால். இரண்டு கையும் துணியில் இருக்கும், கால் மோட்டாரை மிதித்துக்கொண்டிருக்கும். துணியை அழுத்துகிற பாதத்தைத் தூக்க வேண்டுமென்றால் முழங்காலால் பக்கவாட்டில் தள்ள வேண்டும். மேலே கீழே ஆட்டினால் எதுவும் ஆகாது. நாள் முழுக்கக் கால் ஆடிக்கொண்டேதானே இருக்கும்?"

இரண்டு கையும் வேலையில், காலும் வேலையில், மிச்சமிருக்கிற உறுப்பு எது, அதன் மிச்சமிருக்கிற திசை எது என்று யாரோ ஒரு தையல் இயந்திரக்காரர் எப்போதோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார். என் அத்தை இருபத்திரண்டு ஆண்டு அந்த யோசனையைத் தள்ளியிருக்கிறார். நானோ ஒரு வருடமாக இணையத்தில் பெடல்களைத் தேடிக்கொண்டிருந்தேன். பத்துப் பெடலும் இரண்டு எக்ஸ்பிரஷன் மிதியும் உள்ள மின்னணு இசைக்கருவிகள் ஒன்றோடொன்று பேசும் மிடி மொழியில் கட்டளை அனுப்பும் பெரிய கால்பலகையைக்கூட இரவல் வாங்கி ஊரில் முயன்றேன். அதன்முன் சம்மணமிட்டு உட்கார்ந்தால் ஹார்மோனியம் விற்க வந்தவன் போல இருக்கிறது.

முழங்காலின் வெளிப்பக்கம் செங்குத்தாக நிற்க ஒரு தட்டை மரம் வேண்டும். சமையலறையில் கேழ்வரகுக் களி கிண்டும் துடுப்பு கண்ணில் பட்டது. அத்தை வெளியே காய் வாங்கப் போயிருந்தார். பிடியை ஒரு சாணுக்கு அறுத்து, அல்சூர் கடைத்தெருவில் வாங்கிய கீலால் பலகையில் நிறுத்தினேன். பின்பக்கம் காந்தம், எதிரே சிறு கட்டையில் ரீட் சுவிட்ச், நடுவே திரும்பித் தள்ள ஸ்பாஞ்சு. ஜமக்காளத்தின் மேல் வேட்டி வழுக்க, தொடையை இரண்டு விரல்கடை தள்ளினால் போதும். முழங்கால் தன் பழைய வேலையாக மேலும் கீழும் ஆடிக்கொண்டிருக்கிறது, துடுப்பு அதைக் கண்டுகொள்வதில்லை.

மதியம் ஸ்ரீராம்புரத்தில் ஒத்திகை. கஞ்சிரா நண்பருக்குப் பகலில் மென்பொருள் வேலை. அதனால் அவர் வீட்டில் மடிக்கணினியும் ஏபிள்டன் லைவ் என்ற இசை மென்பொருளும் அறுபத்து நான்கு சதுரப் பொத்தான் கொண்ட கட்டுப்பலகையும் உண்டு. லூப்பரையும் கணினியையும் மிடி கேபிளால் இணைத்தால் இரண்டும் ஒரே காலப்பிரமாணத்தில் ஓடும் என்பது அவர் திட்டம். மிடி 1983இலிருந்து இருக்கிற ஏற்பாடு. தாளத்தைச் சொல்ல ஒரு அட்சரத்துக்கு இருபத்து நான்கு துடிப்பு அனுப்பும். அதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. இருபத்து நான்கில் மூன்று அடங்கும், நான்கு அடங்கும். திஸ்ரமும் சதுஸ்ரமும் சௌக்கியம். ஐந்து அடங்காது, ஏழு அடங்காது, ஒன்பதும் அடங்காது. ஐந்தைந்தாகப் பிரிக்கும் கண்ட நடைக்காரன் அந்த மேசையில் இல்லை போலிருக்கிறது. நடைமுறையில் இது கையைக் கட்டிப்போடுவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். துடிப்புகளுக்கு நடுவே நாம் எங்கே வேண்டுமானாலும் வாசிக்கலாம்.

கணினியை அரை மணி நேரத்தில் ஓரம் கட்டினோம். ஒலியை 256 மாதிரிகளாகப் பிடித்து அனுப்பும்போது, விநாடிக்கு 44,100 என்ற கணக்கில், ஒரு வழிக்கு ஏறத்தாழ ஆறு மில்லி விநாடி. உள்ளே போய் வெளியே வரப் பன்னிரண்டு. பாடகருக்கு அது ஒன்றுமில்லை. விநாடிக்கு எட்டுச் சொல் வாசிக்கிறவனுக்கு ஒரு சொல்லின் பத்தில் ஒரு பங்கு. காது பொறுத்துக்கொண்டது, விரல்கள் பொறுக்கவில்லை.

பிறகுதான் உண்மையான தகராறு. கஞ்சிராவை நனைத்துத் தொனியை இறக்கி, அவர் மிஸ்ர சாப்பு தாளம் ஒரு சுற்று வாசித்தார். தகிட தகதிமி, தகிட தகதிமி. பதிந்தாயிற்று, ஓடுகிறது. அதன்மேல் அவர் வாசிக்க வாசிக்க, எனக்கு ஏதோ உறுத்தியது. பதினைந்து நிமிடத்தில் கையிலிருந்த கஞ்சிராவின் தோல் காய்ந்து தொனி ஏறிவிட்டது. பெட்டிக்குள் இருக்கும் கஞ்சிரா இன்னும் நனைந்தே இருக்கிறது. ஒரே வாத்தியம் தன்னோடு தானே சண்டை போடுகிறது. கடத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. சூளையில் வாங்கிய சுருதியோடு வாழ்நாளை முடித்துக்கொள்ளும், மிஞ்சினால் உள்ளே கொஞ்சம் களிமண் ஒட்டி ஒரு மயிரிழை இறக்கலாம். "அப்படியானால் என்னைப் பதிய வேண்டாம். நீங்கள் பெட்டிக்குள் போங்கள், நான் வெளியே இருக்கிறேன்" என்றார் நண்பர். ஞாயிறு நிகழ்ச்சியின் அமைப்பு அப்படித்தான் முடிவாயிற்று.

எடுப்பு, அதாவது பாட்டு தாளத்தில் தொடங்கும் இடம், ஒரு தனித் தலைவலி. நம் கீர்த்தனைகள் பலவும் சமத்தில், அதாவது தாளத்தின் முதல் தட்டில், தொடங்குவதில்லை. அரை இடம், முக்கால் இடம் தள்ளித்தான் எடுப்பு. பெட்டிக்கு எடுப்பு தெரியாது. நாம் தொடங்கிய இடமே அதற்குச் சமம். கொன்னக்கோல், அதாவது தாளச் சொற்களை வாயால், சொல்லிப் பதியும்போது வாயும் முழங்காலும் சேர்ந்தே கிளம்பப் பார்க்கின்றன. முழங்கால் சமத்தில் தள்ள வேண்டும், வாய் அரை இடம் கழித்துத் தொடங்க வேண்டும். ஒரு மணி நேரம் இதையே சாதகம் செய்தோம். நாற்பது வயதில் முழங்காலுக்குச் சாதகம் செய்ய வேண்டிவரும் என்று யார் நினைத்தார்கள்.

மாலையில் சோமேசுவரர் கோயில் பக்கம் நடந்தேன். நாகசுரத்தோடு சுருதிப் பெட்டி ஒன்று ஒலித்துக்கொண்டிருந்தது. முன்பு ஒத்து ஊத ஒருவர் இருப்பார், விடாமல் ஒரே சுரத்தை மூச்சு மாற்றி மாற்றி ஊதிக்கொண்டு. பக்கத்தில் ஜாலராக்காரர் தாளம். ஒத்துக்காரர் உட்கார்ந்த இடத்தில் இப்போது பெட்டி உட்கார்ந்திருக்கிறது. மின்னணுத் தம்புராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்ததில் இந்த ஊருக்குப் பெரிய பங்கு உண்டு. இங்கே விமானத் தொழிற்சாலையில் பொறியாளராக இருந்த, புல்லாங்குழலும் வாசித்த ஜி. ராஜ் நாராயண்தான் ராடெல் நிறுவனத்தைத் தொடங்கியவர். அவருக்கு நான் கடன்பட்டவன், தினமும் தம்புராவைப் பெட்டியில்தான் போட்டுக்கொள்கிறேன். ஆனாலும் ஒத்துக்காரரின் உப்பிய கன்னம் நினைவுக்கு வந்தால் கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது. லூப்பர் யாருடைய இடத்தில் உட்காரப் போகிறது?

ஞாயிறு

காலையில் அல்சூர் ஏரிப் பக்கம் திருவள்ளுவர் சிலையைப் பார்த்துவிட்டு வந்தேன். 1991இல் நிறுவிப் பதினெட்டு ஆண்டு மூடியே வைத்திருந்து 2009இல் திறந்தார்கள். அத்தனை ஆண்டு சாக்குக்குள் உட்கார்ந்திருந்தவர் முகத்தில் அதற்கான சலிப்பு எதுவும் இல்லை.

அரங்கில் நாற்காலிகள் அறுபது, மேடை ஒரு முழ உயரம். ஒலி பார்க்க வந்த இளைஞர் துடுப்பைக் கண்டு, "இது என்ன சார், கப்பலா?" என்றார். எல்லாம் பொருத்தியதும் ஸ்பீக்கரில் வண்டு முரல்வது போல ஒரு ரீங்காரம். நான் லூப்பரைச் சந்தேகித்தேன், அவர் என் மைக்கைச் சந்தேகித்தார். இரண்டும் இல்லை. லூப்பர் ஒரு பிளக்கிலும் மிக்ஸர் அறையின் அந்தக் கோடியில் வேறொரு பிளக்கிலும் மின்சாரம் வாங்கின. பூமி இணைப்பு இரண்டு வழியாகச் சுற்றி வந்து ஐம்பது ஹெர்ட்ஸ் பாடிக்கொண்டிருந்தது. நடுவே ஒரு டிஐ பெட்டியை வைத்து அதன் பூமி விசையைத் தள்ளியதும் அடங்கியது. அந்த அமைதியில் வெளியே மழை பெய்வது கேட்டது.

மழை நண்பருக்கு வேறு விதத்தில் உதவியது. ஈரக்காற்றில் கஞ்சிரா காயவே இல்லை. நேற்றைய சண்டைக்கு இன்று வேலை இல்லை, பதிந்திருந்தால்கூட ஒத்துப்போயிருக்கும். "இதுதான் பெங்களூர்" என்றார் அலட்சியமாக.

முதல் உருப்படி ஆதி தாளம். முதல் தடத்தில் வயிற்றோடு அணைத்த அடிக்குரல் மட்டும். முழங்கால் தள்ளியது, வளையம் மூடியது, எட்டு அட்சரமும் முழுதாக இருந்தன. பொக்கை வாய் இல்லை. அந்தச் சுற்று முதன்முதலாகத் திரும்பி வந்தபோது என் இரண்டு கையும் பானையின் மேலேயே இருந்தன. ஒரு வருடம் இதற்காகத்தான் அலைந்தேன். இரண்டாவது தடத்தில் கழுத்தில் விரல்நுனி. மூன்றாவதை ஒரு ஸ்தாயி இறக்கிவிட்டேன், கடம் உறுமி போல உறுமியது. முன்வரிசைக் குழந்தை ஒன்று அம்மாவின் மடியில் ஏறிக்கொண்டது.

இந்த ஊரில் கடத்தை இப்படி அடுக்குவது புதிதல்ல. சுகன்யா ராம்கோபால் பல சுருதிக் கடங்களை முன்னால் பரப்பிவைத்துக் கட தரங்கம் வாசிக்கிறார். அவர் அடுக்குவது இடத்தில். ஒவ்வொரு தட்டும் அந்தக் கணத்தில் அவர் கையிலிருந்து வருகிறது. நான் அடுக்குவது நேரத்தில். போன நிமிடத்து நான் இந்த நிமிடத்து எனக்குப் பக்கவாத்தியம். எது கடினம் என்று கேட்டால் அவர் செய்வதுதான். என் வித்தையில் தப்பு செய்தால்தான் கடினம்.

அதுவும் நடந்தது. மிஸ்ர சாப்பில் கொன்னக்கோல் சொல்லிப் பதிந்தேன். வாய் எடுப்பில் சரியாகத் தொடங்கியது. முடிக்கும்போது முழங்கால் ஒரு பொட்டு தாமதமாகத் தள்ளிவிட்டது. எவ்வளவு என்று கேட்டால் இமைப்பொழுதில் பாதி. சாதாரணக் கச்சேரியில் அது காற்றோடு போயிருக்கும், அடுத்த ஆவர்த்தனத்தில் யாருக்கும் நினைவிருக்காது. இங்கே ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் அதே நொண்டல். தகிட தகதிமி, ஒரு நொண்டல், தகிட தகதிமி, ஒரு நொண்டல். நண்பர் என்னைப் பார்த்தார். நான் வேட்டியைப் பார்த்தேன். நான்காம் சுற்றில் ஒரு கோர்வையைப் பிடித்து, மூன்று முறை சொல்லி, சமத்தில் இறங்குகிற தட்டோடு கையை நீட்டி அந்தத் தடத்தை நிறுத்தினேன். எதற்கும் துணிந்தவன் முகத்தோடு நிமிர்ந்தேன். அவை கைதட்டியது. தீர்மானம், அதாவது திட்டமிட்ட தாள முடிப்பு, என்று நினைத்துவிட்டார்கள்.

ஒருவர் மட்டும் ஏமாறவில்லை. முடிந்ததும் பின்வரிசையிலிருந்து எழுந்து வந்த வயதான தவில் வித்வான், துடுப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அந்த மிஸ்ர சாப்பை நிறுத்தினீர்களே, நன்றாகச் செய்தீர்கள். அதை ஓடவிட்டிருந்தால் நான் எழுந்து போயிருப்பேன்."

அத்தையும் வந்திருந்தார். தவிலுக்கும் கடத்துக்கும் அவருக்கு வித்தியாசம் தெரியாது. நிகழ்ச்சி முழுக்க என் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தாராம். "இன்னும் இலேசாகத் தள்ள வேண்டும். நீ பயந்து தள்ளுகிறாய்" என்றார். துடுப்பின் மேல் கறுப்புத் துணி சுற்றியிருந்தேன். அது என்னவென்று அவருக்குத் தெரியவில்லை. நானும் சொல்லவில்லை.

திங்கள்

ரயில் ஓசூர் தாண்டிவிட்டது. கடம் தலைமாட்டில். இந்த முறை எதிர்ப் படுக்கையில் கல்லூரி மாணவர்கள், காதில் பாட்டோடு. யாரும் ஊறுகாயா என்று கேட்கவில்லை, அதுவும் ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது.

அடுத்த முறைக்கு இரண்டு காரியம். ரீட் சுவிட்சின் கண்ணாடிக்கு ஒரு பிளாஸ்டிக் உறை போட வேண்டும். ஏற்கெனவே இரண்டு போய்விட்டன. இடது முழங்காலுக்கும் இன்னொன்று செய்யலாம். ஜாக் ஸ்டீரியோ, இரண்டாவது சுவிட்சுக்கு அதிலேயே வழி இருக்கிறது. நிறுத்துவதற்குக் கையை நீட்டும் சர்க்கஸும் போய்விடும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே கைபேசி அடித்தது. அத்தை.

"சாப்பிட்டாயா மருமகனே?"

சாப்பிட்டேன் என்றேன்.

"சரி. களி கிண்டலாம் என்று பார்த்தால் துடுப்பைக் காணோம். நீ பார்த்தாயா?"